வீட்டில் விழுந்தவர்கள்

பட்டாசுக் கம்பெனி வேனுக்கு ஆள் கூட்டிப் போவது என் வேலை. வேன் ஏஜெண்டு சங்கிலிமுத்து என்று கேட்டால் எங்கள் ஊரில் நாய்கூட வீட்டைக் காட்டும். காலை ஆறு மணிக்கு அம்மன் கோயில் முக்கில் வேன் நிற்கும். இருபத்தாறு பெண்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும் என்று ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தேன். "ஒண்ணு?" என்பேன். "வந்தாச்சு" என்று இருட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும். இப்படியே இருபத்தாறு வரை. தெருவே அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் நோட்டில் குறிதான் போடுவேன். வந்தால் கோடு. காய்ச்சலுக்குப் புள்ளி. சாவு வீட்டுக்குப் போனால் பெருக்கல் குறி. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று போனால் சூலம். இன்னொரு குறி மேனேஜர் சொல்லிப் போட்டது. ஒரு தடவை ஒரு பெண் கை வீங்கி வந்து நிற்க, இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குள் விழுந்தாளா என்று குடைந்துவிட்டார். அன்றைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே வீட்ல விழுந்தா அதத் தனியாக் குறிச்சு வையும். நாளைக்கு நம்ம தலையில வந்து விடியக்கூடாது" என்றார். அதற்கு 'வீ' என்று போட்டேன். வராதவள் மறுநாள் வேனில் ஏறும்முன் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நோட்டில் ஏறிய பிறகுதான் அவள் வேனில் ஏறலாம்.

அந்த நோட்டை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. டிரைவரை நம்ப மாட்டேன், மேனேஜரை அதற்குமேல் நம்ப மாட்டேன். கவர்மெண்டு ஜீப் ஊருக்குள் வந்தால் கோழியைப் பிடித்துக் கவிழ்த்து வை என்று சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் நோட்டைத் தூக்கி ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தேன் என்றால், அது நல்ல மனதால் அல்ல. ரோஷத்தால்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் விடியற்காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சீருடை போட்டுக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி பானுப்பிரியா. பத்தொன்பதாம் நம்பரின் மகள். மற்றவன் கதிரவன். அவன் அப்பன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. பெண்களை வீட்டில் அடிப்பதற்கு எதிராகப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். அதைப் பற்றி இண்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்ய வேண்டுமாம். விருதுநகரில் மாவட்டப் போட்டியாம். கம்ப்யூட்டர் டீச்சர் ஞானசுந்தரி அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, உங்க வீட்ல யாராச்சும் அடிப்பாகளா?" என்று பானுப்பிரியா வேனுக்குள் தலையை நீட்டிக் கேட்டாள்.

பதினொன்றாம் நம்பர் லட்சுமிகாந்தம் வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "என் வீட்டுக்காரரா? கொசுவ அடிக்கக்கூட அந்த மனுசன் என்னயத்தான கூப்பிடுவாரு!"

வேனே குலுங்கியது.

"ஏத்தா, அடி வாங்குனா கம்ப்யூட்டர்ல படம் வருமா? முன்னாடியே சொல்லு, பவுடர் பூசிட்டு வாறேன்" என்றாள் இன்னொருத்தி.

"பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா, இந்த டீச்சர் ஊர்ப் புரணி எழுதச் சொல்லுதா."

கதிரவன் இருபத்தாறு தடவை 'இல்லை' என்று எழுதிக்கொண்டான். என் மகள் சோலையம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் இல்லை என்றுதான் சொன்னாள்.

பானுப்பிரியா மட்டும் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இந்த 'வீ' என்னது?"

"வீட்ல விழுந்தது."

"இம்புட்டுப் பேரா விழுந்தாக? நம்ம ஊர்த் தரை அம்புட்டு வழுக்குமா?"

"அதக் கேக்குறது என் வேலை இல்ல தாயி. குறிக்கிறதுதான் என் வேலை."

"குறிச்சதும் சரியா இருக்குமோ என்னமோ. காலங்காத்தால தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பீக."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏ கழுத, ஆறு வருசத்துல ஒரு நாள் விடுபட்டதில்ல. இந்தா, போன வருச நோட்டு. கொண்டு போயி எண்ணிப் பாரு. ஒரு நாள் தப்பா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு."

சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு வேனில் ஏறிவிட்டேன். சின்னக் கழுதை என்னை ஏமாற்றிவிட்டாள் என்பது அப்போது தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்த பக்கத்தைப் பெற்றோருக்குக் காட்டுகிறோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வேன் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். சோலையம்மாள் வரவில்லை, துணி துவைக்கக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்து கம்ப்யூட்டர். அதில் மூன்று துணி போட்டு மூடிக் கிடந்தது. மூடிக் கிடப்பது எதையும் நான் நம்புவதில்லை.

டீச்சர் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டுவிட்டார். மேலே பெரிய எழுத்தில் 'வீட்டில் விழுந்தவர்கள்' என்று இருந்தது. கீழே, சிவகாசிக் காலண்டர் மாதிரியே, கட்டம் கட்டமாக ஒரு முழு வருடம். பக்கவாட்டில் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை நம்பர். பேர் கிடையாது. கட்டமெல்லாம் சாம்பல் நிறம். சில கட்டம் மட்டும் சிவப்பு.

கதிரவன் குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினான். "தமிழ்ல டைப் பண்ணா அடுத்த கம்ப்யூட்டர்ல எழுத்துக்குப் பதிலா வெறும் பெட்டி பெட்டியாத் தெரியுது. அதனால முழுசையும் வரஞ்சு, அப்பாவோட பிரஸ்ல ஸ்கேன் பண்ணிட்டோம். சிவப்புக்கு மட்டும் தனி பிளேட்டு போடுற மாதிரி தனியா ஏத்துனோம். வேற கலரே வேணாம்னுட்டோம். சிவப்பு இருந்தா அன்னைக்கு அந்த அக்கா வீட்ல விழுந்துட்டாகன்னு அர்த்தம்."

பெண்கள் பெட்டிக்குக் கிட்டே நெருங்கினார்கள். பிறகு லட்சுமிகாந்தம் கத்தினாள். "ஏய், பதினொண்ணு நாந்தானடி!"

பிள்ளைகள் செய்த தப்பு அதுதான். பேரைப் போடாமல் நம்பரைப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். தினமும் விடியற்காலையில் நான் போடுகிற சத்தத்தில் கண் விழிக்கிற பிள்ளைகள்! ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூட யார் எந்த நம்பர் என்று தெரியும். தூங்கும்போது காதில் விழுந்துகொண்டே இருந்தது அதுகளுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

பெண்கள் ஆளாளுக்குத் தன் வரியைத் தேடினார்கள். லட்சுமிகாந்தத்துக்கு இரண்டு சிவப்பு. கொசு அடிக்கவே பயப்படுகிற புருஷனின் இரண்டு சிவப்பு. யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. ஒன்று, மூன்று, ஒன்று, நான்கு என்று எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஏழாம் வரிக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழில் பதினொன்று.

ஏழு என் மகள் சோலையம்மாள்.

அந்தப் பதினொன்றையும் நான்தான் எழுதினேன். என் கையால், என் பென்சிலால். ஆனால் பதினொரு தனித்தனி நாளில் எழுதினேன். மாதம் முடிந்தால் தாளைத் திருப்பிவிடுவேன். திருப்பிய தாளை மறுபடி பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிள்ளைகள் வருடத்தையே ஒரே சுவரில் ஒட்டியதுபோல ஒட்டி வைத்துவிட்டார்கள்.

"எடு அத" என்றேன். "இப்பவே எடு. யாரக் கேட்டு என் மகள ஊருக்கு முன்னால நிறுத்துனீக?"

டீச்சர் எழுந்துவிட்டார். "அய்யா, தப்பு எங்க மேலதான். நம்பர மாத்திருக்கணும். இது இன்னும் நெட்ல போகல, இந்தப் பெட்டியிலதான் இருக்கு. யார் யாருக்கு வேண்டாமோ எடுத்துருவோம்."

"எனக்கு வேண்டாம். ஏழ எடு."

பானுப்பிரியாவுக்கு முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஏழு நீங்க இல்லயே தாத்தா. சோலையக்கா சொன்னா எடுத்துருதோம்."

அடிக்கக் கை வந்துவிட்டது. சுவரெல்லாம் சிவப்புக் கட்டமாகத் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டேன். "வா. அவளையே கேப்போம்" என்றேன்.

நான் முன்னால், டீச்சரும் இரண்டு பிள்ளைகளும் பின்னால், அவர்களுக்குப் பின்னால் வேனே கிளம்பி வந்தது மாதிரி அத்தனை பெண்களும். சோலையம்மாள் வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பேரன் எழிலுக்கு ஐந்து வயசு, சோப்பு நுரையில் விளையாடிக்கொண்டிருந்தான். பானுப்பிரியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தாங்கள் செய்த தப்பையும் சேர்த்தே சொன்னாள். பிறகு, "எடுத்துரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

சோலையம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன போட்டிருக்கீக?"

"பதினொண்ணு."

"பதினாலு" என்றாள். "மூணு நாளு அடியோட வேலைக்கு வந்துட்டேன். சீசன் நேரம், லீவு போட்டா சீட்டக் கிழிச்சிருவாகன்னு வந்துட்டேன். வந்த நாளுக்கு அய்யா கோடுதான போட்டிருப்பாரு."

நான் வாயைத் திறந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேத்தா."

"சொன்னேனே அய்யா. ஒவ்வொரு தடவையும் வேன்ல ஏறும்போது வீட்ல விழுந்துட்டேன்னு ஒங்ககிட்டதான் சொன்னேன். நீக எழுதிக்கிட்டு, ஏறு ஏறுன்னீக." அவள் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எடுக்க வேண்டாம் பானு. அந்த மூணையும் சேத்துப் போடு."

அதற்குள் சேதி டீக்கடைக்குப் போய்விட்டது. மருமகன் பாண்டிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். காலண்டர் குடோனில் லோடு ஏற்றுகிறவன், ஆள் திடமாக இருப்பான்.

"எவம்லே என் வீட்டு விசயத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்துனது?"

கதிரவன் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டே, "மாமா, ஒங்க பேரு அதுல எங்கயும் இல்ல" என்றான்.

"பெறகு எதுக்குலே டீக்கடையில அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்கான்?"

"அத டீக்கடையிலதான் கேக்கணும் தம்பி" என்றாள் லட்சுமிகாந்தம்.

பாண்டிராஜ் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்கதான் எழுதிக் குடுத்தீகளாமே. என் வீட்டுக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டு, அங்கன போயி எழுதுனீகளாக்கும்? நீங்க என்ன யோக்கியமா? அத்தைய நீங்க அடிச்ச அடி ஊருக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது பொய் இல்லை. என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து எட்டு வருடம். அவள் காலத்தில் யாரும் கட்டம் போட்டு எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி போதாமல் போயிருக்கும்.

"அடிச்சேம்லே" என்றேன். மாப்பிள்ளையை 'லே' போட்டது அதுதான் முதல் தடவை. "நான் அடிச்சேன்னு நீ அடிப்பியா? அவ வாங்குனது போதாதுன்னு என் மக வேற வாங்கணுமா?"

பாண்டிராஜ் எட்டு வைத்து வந்தான். சோலையம்மாள் எழிலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவே இல்லை. "வா பானு, அந்த மூணையும் போட்டுட்டு வந்துருவோம். நாளாக நாளாக எனக்கே தேதி மறந்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் கை பாதி உயர்ந்தது. வாசலில் நின்ற பெண்கள் ஒருத்திகூட ஒதுங்கவில்லை. அவர்களுக்கு நடுவில் அவள் போக வழி இருந்தது, அவன் போக வழி இல்லை. கை இறங்கிவிட்டது.

மறுபடி கம்ப்யூட்டர் ரூம். பானுப்பிரியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "நீங்களே போடுங்கக்கா" என்றாள். மவுஸ் என்கிறார்கள் அதை. சோலையம்மாள் விரல் இடுக்கெல்லாம் பட்டாசுக்கு அடைக்கிற வெள்ளி மருந்து ஏறிப்போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையை மவுஸில் வைக்கவே கூசினாள். "அழுக்காயிரும்த்தா."

"ஆனா ஆகட்டும். அந்த அம்பக் கட்டத்துக்குள்ள கொண்டு போயி அமுக்குங்க."

முதல் அமுக்கு எட்டாம் வரியில் விழுந்தது. எட்டாம் நம்பர் பின்னாலிருந்து கூப்பாடு போட்டாள். "அடி பாவி, எனக்கு ஏன் போடுத? என் வீட்டுக்காரரு பொழப்பு கெட்டுப்போயிரும்!"

அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். சோலையம்மாளும் சிரித்தாள். கதிரவன் அதை அழித்துக் கொடுத்தான். பிறகு தேதி சொல்லிச் சொல்லி, நிதானமாக மூன்றையும் அமுக்கினாள். பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் ஒன்று. எழிலுக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஒன்று. மூன்றாவதற்கு அவள் காரணம் சொல்லவில்லை, தேதி மட்டும் சொன்னாள். என் நோட்டில் அந்த மூன்று நாளும் கோடுதான். ஆள் வந்தாச்சு என்று கோடு.

போட்டு முடித்ததும் எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த டெலிபோன் நம்பரில் விரலை வைத்தாள்.

"இது யாரு நம்பரு?"

"பாதுகாப்பு அலுவலர். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல இருப்பாங்க" என்றார் டீச்சர். "புதுச் சட்டப்படி அவங்ககிட்ட மனு குடுக்கலாம்."

"ஞாயித்துக்கெழம எடுப்பாகளா?"

"நாளைக்குத்தான் எடுப்பாங்க."

"அப்ப நாளைக்கு."

பானுப்பிரியா அந்த நம்பரைச் சோலையம்மாளின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டாள். அன்று சாயங்காலம் என் மகள் எழிலோடும் ஒரு சாக்குப்பை துணியோடும் என் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மதியம், கம்பெனி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எனக்கு என்ன தெரியும்?

பிள்ளைகள் அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனார்கள். பன்னிரண்டு பேர் நம்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். இரண்டு பேர் வரியையே எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். வேண்டாமென்றவளை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகள் மட்டும், "ஏழு ஏழாவே இருக்கட்டும்" என்றாள். அதன் பிறகுதான் பக்கம் நெட்டில் ஏறியது.

மனு எழுதப் போன நாளும் போட்டி முடிவு சொல்கிற நாளும் ஒன்றாகவே வந்துவிட்டது. இரண்டும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்தான். சீசன் நேரத்தில் ஏஜெண்டே லீவா என்று மேனேஜர் கத்தினார். கத்தட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

பாதுகாப்பு அலுவலர் சின்ன வயசுப் பெண். எடுத்த உடனே நான் நம்பவில்லை. ஆனால் சோலையம்மாள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் எழுதினார். பிறகு என்னைக் கேட்டார்.

"அடிச்சதப் பாத்தீங்களா?"

"பாக்கல. எழுதுனேன்."

"எழுதும்போது, விழுந்ததில்ல, அடிச்சதுன்னு தெரியாதா?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அலுவலர் மேற்கொண்டு என்னென்ன நடக்கும் என்று விளக்கினார். சோலையம்மாள் இரண்டு தடவை சந்தேகம் கேட்டாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தினேன் அவளை. நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் போல, அப்படிக் கேட்டாள்.

வெளியே வந்து கூட்ட அரங்குக்குப் போனோம். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஏதோ டவுன் பள்ளிக்கூடத்துக்கு. அந்தப் பக்கத்தையும் திரையில் போட்டுக் காட்டினார்கள். பூ உதிர்ந்தது, பாட்டுப் பாடியது, ஒரு புறா இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறந்தது. பானுப்பிரியாவும் கதிரவனும் கை தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பரிசு கொடுத்து முடிந்ததும் நேராகப் போய் நடுவரிடம் கேட்டேன்.

"அந்தப் புறாவப் பாத்து எத்தன பேரு மனுக் குடுக்க வந்தாக?"

"பெரியவரே, இது டிசைன் போட்டி" என்றார் அவர்.

"எங்க பிள்ளைக டிசைனப் பாத்து ஒருத்தி வந்திருக்கா. மனுக் குடுத்துட்டு வந்து நிக்கா. இந்தா, என் மக."

பானுப்பிரியா வெட்கத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, போதும், வாங்க." அரங்கில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சோலையம்மாள் தலையைக் குனியவில்லை. அவள் பானுப்பிரியாவின் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, முழுவதும் படித்துவிட்டு, "ரெண்டு பேரு பேரும் பெருசாப் போட்டிருக்காக. பள்ளிக்கூடத்துல மாட்டச் சொல்லாதீக, ஆளுக்கு ஒரு மாசம் வீட்டுக்குக் கொண்டு போங்க. அப்பன் ஆத்தா தினமும் பாக்கட்டும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்து, அடுத்து பக்கத்து ஊருக்கு எப்படிக் கட்டம் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர் ஏஜெண்டு நோட்டுத் தருவானா என்பது அவர்கள் கவலை. சோலையம்மாள் அவர்களுக்கு நடுவே தலையை நீட்டி ஏதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரென்று தெரியாது. வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. முன்பின் தெரியாதவரிடம் நான் ஊர்ப் பேரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டேன். அன்றைக்கு ஆமத்தூர் வரும்வரை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன், பிள்ளைகள் செய்ததை, மகள் செய்ததை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏன் அண்ணாச்சி, பெத்த மக புருசன விட்டுட்டு வந்து நிக்கா. அதப் போயி இம்புட்டுப் பெருமையாச் சொல்லுறீகளே?"

"ஆமா" என்றேன். "பெருமையாத்தான் சொல்லுறேன்."